கால்குலஸை மறுபடி தொட எந்தப் புத்தகம்? கவிழ்த்த கணக்கையும் சொல்லுங்கள்

கழித்தல்குறி:
1/எக்ஸ் வர்க்கம், −1 முதல் 1 வரை தொகையிடணும். பழகிய கை தானாக ஓடும்: −1/எக்ஸ் எழுது, மேல் எல்லையைப் போடு, கீழ் எல்லையைப் போடு, கழி. விடை −2. வரைபடம் முழுக்க அச்சுக்கு மேலே நிற்கிறது, பரப்பு மட்டும் எப்படி எதிர்மறை ஆச்சு? எக்ஸ் 0 ஆகும் இடத்தில் சார்பு எல்லையில்லாமல் ஏறுகிறது. அங்கே இரண்டாக உடைத்து, 0ஐ நெருங்க நெருங்க என்ன ஆகிறது என்று எல்லை (லிமிட்) எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போகும். விடை என்று ஒன்று கிடையாது. சூத்திரம் நினைவிருந்து நிபந்தனையை மறந்தவர்கள் விழும் குழி இது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் முறையற்ற தொகை (இப்படி நடுவே எல்லையில்லாமல் ஏறும் சார்பைத் தொகையிடுவது) வரும் பக்கத்தைப் புரட்டுங்கள். இந்த −2 ஏன் தப்பு என்று அங்கே சொல்லியிருந்தால் வாங்கலாம். வெறும் சூத்திரப் பட்டியல் என்றால் வைத்துவிடுங்கள்.

அரைப்பென்சில்:
அந்தப் பக்கம் வரை வந்தால்தானே! 1/எக்ஸை முதல் கொள்கையிலிருந்து, அதாவது எக்ஸில் சின்ன ஹெச் கூட்டி, வகையிடச் சொன்னால் அங்கேயே பலருக்கும் பேனா நின்றுவிடும். 1/(எக்ஸ்+ஹெச்) − 1/எக்ஸ் என்று எழுதியாச்சு, அடுத்த வரி வராது. தடுப்பது எல்லை இல்லை, இரண்டு பின்னத்துக்கும் பொதுப் பகுதி காண்பது. அதை எடுத்தால் தொகுதியில் −ஹெச் மட்டும் மிஞ்சும், வகுக்கும் ஹெச்சோடு அடிபட்டுப் போகும். துருப்பிடித்தது இயற்கணிதம், பழி கால்குலஸுக்கு.

இதற்குச் சரியான மருந்து கிளெப்னரும் ராம்சேயும் 1965இல் வெளியிட்ட 'குவிக் கால்குலஸ்'. சார்பு, வரைபடம், முக்கோணவியல், மடக்கை எல்லாம் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும். பாடம் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும், நடுநடுவே கேள்வி. விடை சரியென்றால் தாண்டிப் போகலாம், தப்பென்றால் விளக்கம் உள்ள கட்டத்துக்கு அனுப்பும். பாதி தெரிந்து பாதி மறந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சதுரமூலை:
தாண்டித் தாண்டிப் படித்தால் படம் மனதில் நிற்காது. சில்வானஸ் தாம்சனின் 'கால்குலஸ் மேட் ஈஸி' 1910இல் வந்தது. அதில் ஒரு சதுரம் வரும். பக்கம் 10 என்று வையுங்கள், 0.1 கூட்டுங்கள். பரப்பு 100இலிருந்து 102.01. அந்த 2 ஓரத்துப் பட்டைகள் இரண்டும் சேர்ந்தது, 0.01 மூலைத் துண்டு. மூலையை உதறி, 2ஐ 0.1ஆல் வகுத்தால் 20, அதாவது 2எக்ஸ் கண்ணெதிரே நிற்கும். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஆரையன்:
மூலையை உதறலாம் சரி, எப்போது உதறக்கூடாது என்று அந்த முதல் பதிப்பு சொல்லித்தருவதில்லையே. எக்ஸின் மட்டு மதிப்பை (குறியை விட்ட அளவை) 0இல் வகையிடுங்கள்: இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கம் 1. எந்தத் துளியை உதறுவீர்கள்? மார்ட்டின் கார்ட்னர் 1998இல் திருத்தியபோது சார்புக்கும் எல்லைக்கும் தனி அதிகாரம் சேர்த்தார். வாங்கினால் அதை வாங்குங்கள்.

கேட்காவிட்டாலும் இன்னும் கொஞ்சம். ஸ்டூவர்ட்டின் தடித்த பாடநூலுக்கு இரண்டு வடிவம் உண்டு. அட்டையில் 'எர்லி டிரான்ஸெண்டென்டல்ஸ்' என்று இருந்தால் அடுக்குச் சார்பும் மடக்கையும் தொடக்கத்திலேயே வரும். மீள்பார்வைக்கு அதுதான் தோது. பழைய பதிப்பே போதும், வகைக்கெழு கெட்டுப்போகிற சரக்கு இல்லை. மைக்கேல் ஸ்பிவாக்கின் 'கால்குலஸ்' அருமையான புத்தகம்தான், ஆனால் நிரூபணத்துக்கானது. கை பழக அது உதவாது. கால்குலேட்டரில் கோண அலகை ரேடியனில் வையுங்கள். சைன் 0.01ஐ 0.01ஆல் வகுத்தால் 0.99998 வரணும். 0.01745 வந்தால் கருவி பாகையில் இருக்கிறது, புத்தகத்தைத் திட்டாதீர்கள். பிரதியிடும்போது எல்லைகளையும் மாற்றுங்கள்: எக்ஸ் × ஈ அடுக்கு (எக்ஸ் வர்க்கம்), 0 முதல் 2 வரை தொகையிடுங்கள். யூ = எக்ஸ் வர்க்கம் என்றால் யூவின் மேல் எல்லை 4, விடை சுமார் 26.8. பழைய 2ஐயே விட்டுவைத்தால் 3.19 வரும், அதுவும் பார்க்க யோக்கியமாகத்தான் இருக்கும். கடைசியாக, ஸ்டூவர்ட்டில் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும்தான் பின்பக்கத்தில் விடை. தனியாகப் படிப்பவர் இரட்டைப்படை எண்களைத் தொடவே வேண்டாம்.

கழித்தல்குறி:
கடைசி வரி மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது, ஆரையன். விடை இல்லாவிட்டால் என்ன? தொகையிட்டதை வகையிட்டால் கேள்வி திரும்பி வரணும், அதுவே சரிபார்ப்பு. எண் விடைக்கு உயரத்தைப் பாருங்கள். உங்கள் கணக்கிலேயே எக்ஸ் 1.5 ஆகும்போது சார்பின் மதிப்பு 14.2, அங்கிருந்து ஏறுமுகம்தான். 1.5 முதல் 2 வரை உள்ள, 0.5 அகலத் துண்டு மட்டுமே 7.1ஐத் தாண்டும். 3.19க்கு இடம் எங்கே?