கீழே போக வேண்டியவர் மேலே போகும் லிஃப்டில் ஏறலாமா?

ஜன்னலோரம்:

முதல் தடவையாகக் கப்பல் பயணம் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், என் மாமியார், மொத்தம் ஏழு இரவு. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடலைப் பார்த்து நின்ற நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் லிஃப்ட் கதவைப் பார்த்தும் நின்றிருக்கிறேன்.

எங்கள் கேபின் 9ஆவது டெக்கில், இரவுச் சாப்பாட்டு அறை 4இல். அத்தைக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கீழே வரும் லிஃப்ட் ஒவ்வொன்றும் நிரம்பித்தான் வரும். கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் நம்மைப் பார்ப்பார்கள், நாம் அவர்களைப் பார்ப்போம், கதவு மூடிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் இப்படி நாலைந்து லிஃப்டை வழியனுப்பிவிட்டுத்தான் ஏறினோம். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே போகும் லிஃப்ட் காலியாகத்தான் வருகிறது, அதில் ஏறி உச்சி வரை போய், இறங்காமல் அதிலேயே கீழே வந்துவிடலாம் என்று. நன்றாக வேலை செய்தது. அவருக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் அதே மாதிரி வந்துகொண்டிருந்தபோது 12இல் கதவு திறந்தது. வாக்கர் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். உள்ளே இடமில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த டெக்கில் ஏறினீர்கள்?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "எங்கே போகிறீர்கள்?" நாலு என்றேன், சொல்லும்போதே விஷயம் புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, லேசாகத் தலையை ஆட்டினார், கதவு மூடிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் சொல்வது, "அம்மாவுக்கும் கால் முடியாதுதானே, எல்லோரும் செய்கிறார்கள், லிஃப்டுக்கு டோக்கனா கொடுக்கிறார்கள்?" அடிக்கடி கப்பலில் போகிறவர்கள் சொல்லுங்கள், இது தப்பா இல்லையா? ஈர நீச்சலுடையோடு சொட்டச் சொட்ட ஏறுபவர்கள், எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடும் பிள்ளைகள், இதெல்லாம் எல்லாக் கப்பலிலும் இப்படித்தானா, நாங்கள் போனதில் மட்டுமா?

படியேறி:

தப்புதான். ஐந்து டெக் இறங்க மூன்று பேருக்கும் லிஃப்ட் எதற்கு? உங்கள் அத்தைக்குத் துணையாக ஒருவர் போதும், மற்றவர் படியில் இறங்கி வரலாம். நானும் என் மனைவியும் பத்துப் பன்னிரண்டு பயணம் போயிருக்கிறோம், சாமான் இல்லாத நேரத்தில் லிஃப்டைத் தொடுவதே இல்லை. பஃபேயில் தின்றது செரிக்கவும் வேறு வழி இல்லை.

அப்புறம் இன்னொன்று, எல்லோரும் கப்பலின் நடுவில் இருக்கும் லிஃப்டுக்கே போகிறார்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில், குறைந்தது இரண்டு இடத்திலாவது லிஃப்ட் உண்டு. நாடக அரங்கம் பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும், அதனால் ஷோ முடிகிற நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், மற்ற நேரமெல்லாம் அங்கே காற்று வாங்கும். இரண்டு நிமிடம் நடந்தால் பத்து நிமிடக் காத்திருப்பு மிச்சம்.

ஈர உடைக்கு மன்னிப்பே கிடையாது. குளத்தருகே துண்டு கொடுக்கிறார்கள், துடைத்துக்கொண்டு மேலே ஒரு சட்டையைப் போட எவ்வளவு நேரமாகும்? லிஃப்ட் தரை ஈரமானால் வழுக்கி விழப்போவது வாக்கர் பிடித்த அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள்தான்.

நான்குசக்கரம்:

படியேறி, உங்கள் கால் நன்றாக இருக்கட்டும். ஆனால் எல்லோரையும் படிக்கு விரட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். பார்த்தால் நன்றாக இருக்கிற ஆள் என்று நீங்கள் நினைப்பவருக்கு இதயத்தில் கோளாறு இருக்கலாம், மூச்சுத் திணறல் இருக்கலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் சிலர் பச்சைப் பட்டையில் சூரியகாந்திப் பூ போட்ட அடையாளத்தைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள், 2016இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய வழக்கம் அது, இப்போது கப்பல்களிலும் பார்க்கலாம். மாட்டாதவர்களும் இருப்பார்கள். அதனால் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நான் பதினொரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், ஐந்து கப்பல் பயணம் போயிருக்கிறேன். ஜன்னலோரம், நீங்கள் செய்ததை நானும் செய்கிறேன், செய்யாவிட்டால் நான் சாப்பிடவே முடியாது. நாற்காலி நுழைய மூன்று பேர் நிற்கிற இடம் வேண்டும், கீழே வருகிற லிஃப்டில் அந்த இடம் தானாகக் கிடைக்காது. ஒரு தடவை 25 நிமிடம் ஒரே இடத்தில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்கள் திடீரென்று கைபேசியில் மூழ்கிவிடுவார்கள். அதைவிட மோசம், நான் முன்னால் காத்திருக்க, பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நின்றுகொண்டு, "அடடா, உங்களுக்கு இடமில்லையே" என்பது. சிரித்துக்கொண்டே வேறு சொல்வார்கள்!

எனக்கு யாரும் பரிதாபம் காட்ட வேண்டாம். லிஃப்ட் வந்ததும் "நீங்கள் முதலில் ஏறுங்கள்" என்று சொல்லிவிட்டு மிச்ச இடத்தில் நீங்கள் ஏறுங்கள், அவ்வளவுதான். நான் இறங்க வேண்டிய டெக் வந்தால் கதவருகே நிற்பவர்கள் வெளியே ஓரடி வைத்து வழிவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளுங்கள். சுவரோடு ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் நாற்காலி போகாது, உங்கள் கால் விரல்மேல்தான் போகும். கேட்காமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று சொல்லுங்கள். அத்தைக்காக மேலே போய் இறங்குவது சரி. ஆனால் அத்தையோடு மூன்று பேராக ஏறியபோது அந்தப் பெரியவரின் இடத்தில் நின்றது அத்தை இல்லை, நீங்கள் இருவரில் ஒருவர்.

கீழ்த்தட்டு:

ஏழு வருடம் கப்பலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன், இப்போது கரையில். லிஃப்ட் புகார் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் பாதிக் காரணம் இரண்டு பட்டனையும் அமுக்குவது. நீங்கள் கீழே போக வேண்டும், அவசரத்தில் மேல், கீழ் இரண்டையும் தட்டுகிறீர்கள். மேலே போகும் லிஃப்ட் வந்து நிற்கிறது, ஏறிவிடுகிறீர்கள். ஆனால் கீழே போவதற்கு நீங்கள் கொடுத்த அழைப்பு அப்படியே இருக்கும், அதனால் இன்னொரு லிஃப்டோ, நீங்கள் இருக்கிற அதே லிஃப்டோ திரும்பி வரும்போது உங்கள் டெக்கில் நின்று, கதவைத் திறந்து, யாரும் இல்லாத நடைபாதையைக் காட்டிவிட்டு மூடும். ஒவ்வொரு டெக்கிலும் இரண்டு பேர் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே போய் இறங்குவதாக முடிவு செய்துவிட்டால் மேல் பட்டனை மட்டும் அமுக்குங்கள். நாங்களே நான்குசக்கரம் அவர்கள் மாதிரி பயணிகளுக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மற்றவர்களும் செய்ய ஆரம்பித்தால் 12இல் இருப்பவருக்கு வருகிற லிஃப்ட் 9இலேயே நிரம்பிவிடும், அப்புறம் அவரும் 14க்குப் போய் ஏற வேண்டியதுதான்.

புதிய கப்பல்கள் சிலவற்றில் இந்த வித்தை நடக்காது. லிஃப்டுக்கு வெளியே ஒரு திரை இருக்கும், போக வேண்டிய டெக் எண்ணைத் தட்டினால் எந்த லிஃப்ட் என்று ஓர் எழுத்து வரும், ஒரே இடத்துக்குப் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பும். அதிலும் ஒரு கூத்து உண்டு. எட்டுப் பேர் குடும்பத்தில் அப்பா மட்டும் ஒரு தடவை தட்டுவார், அது ஒரே ஓர் ஆள் என்று கணக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களையும் அதே லிஃப்டுக்கு அனுப்பும், கதவு திறந்தால் திருவிழா. தலைக்கு ஒரு தடவை தட்ட வேண்டும்.

2024இல் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 டெக், கேபினுக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பயணிகள். இத்தனை பேரும் ஒரே மாதிரி நேரத்தில் பசியெடுத்து, ஒரே நேரத்தில் கரைக்கு இறங்க நினைக்கிறவர்கள். எத்தனை லிஃப்ட் வைத்தாலும் போதாத நேரங்கள் நாலைந்து இருக்கும்: கப்பல் ஏறும் நாள் மதியம், சாப்பாட்டு அமர்வுகளுக்கு முந்திய கால் மணி, ஷோ விட்டதும், துறைமுகத்தில் கப்பல் கட்டியதும், கடைசி நாள் காலை. கடைசி நாள்தான் கொடுமை, ஆளுக்கு இரண்டு பெட்டியோடு நிற்பார்கள். முந்தின இரவே பெட்டியை வெளியே வைத்தால் நாங்கள் இறக்கிக் கொடுப்போம், ஆனாலும் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

சிலர் கேட்பார்கள், பணியாளர்கள் ஏன் பயணிகள் லிஃப்டில் வருவதில்லை என்று. எங்களுக்குத் தனி லிஃப்ட், தனிப் பாதை. கீழே கப்பலின் நீளத்துக்கும் ஓடும் பெரிய நடைபாதையை நிறைய கப்பல்களில் 'ஐ-95' என்போம், அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயர். அங்கேயும் நெரிசல்தான், ஆனால் அங்கே தள்ளுவண்டிக்கு எல்லோரும் ஒதுங்குவார்கள்.

இன்னொன்று, மறக்காதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அது அவசர அழைப்பு, அப்போது லிஃப்ட் பக்கமே போகக்கூடாது. நடக்க முடியாதவர்களை இறக்கப் பணியாளர்கள் இருக்கிறார்கள், அத்தை மாதிரி யாராவது கூட வந்தால் ஏறின அன்றே வரவேற்பில் பெயரைச் சொல்லி வையுங்கள். கடல் ரொம்ப ஆடும்போதும் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் லிஃப்டுக்குப் பக்கத்திலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் வாந்திப் பைகள் செருகியிருக்கும், அதைப் பார்த்ததுமே பாதிக் கூட்டம் கேபினுக்குத் திரும்பிவிடும், அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் இடமோ இடம்.

மூன்றுவால்:

பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, நான் மூன்று பையன்களுக்கு அம்மா. பட்டன் அத்தனையும் அமுக்கினது என் இரண்டாவது பையன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை 14 டெக் படியேற வைத்தேன், மறுநாள் முதல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆனால் பெரியவர்கள் செய்வதை யார் கேட்பது? உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்குள் முட்டிக்கொண்டு ஏறுவது முழுக்கப் பெரியவர்கள் வேலை. ஒரு நாள் என் தள்ளுவண்டி பாதி வெளியே, பாதி உள்ளே, ஒருவர் வண்டியைத் தாண்டிக் கால் வைத்து ஏறினார். கையில் ஐஸ்கிரீம் கோன், அது என் கடைக்குட்டி தலைமேல் சொட்டியது. அவன் அழவில்லை, நக்கிக்கொண்டான்.

ஒரு வேண்டுகோள், பட்டனை அமுக்கின விரலோடு நேராகப் பஃபேக்குப் போகாதீர்கள். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் பரவ இதெல்லாம் ஒரு வழி, வாசலில் இருக்கும் சானிடைசரை அது அவ்வளவாக மதிக்காது, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். நாங்கள் விரல் முட்டியால்தான் அமுக்குவோம், எல்லாவற்றையும் அல்ல.

படியேறி:

நான்குசக்கரம், முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றீர்கள், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடன டெக்கில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ஒரே ஒரு டெக் மேலே போக லிஃப்ட் பிடிக்கிறவரை மட்டும் நான் முறைப்பேன், அந்த உரிமையை விட்டுத் தர மாட்டேன்.

1912இல் டைட்டானிக்கிலேயே நாலு லிஃப்ட் இருந்தது, மூன்று முதல் வகுப்புக்கு, ஒன்று இரண்டாம் வகுப்புக்கு. இயக்குவதற்கு உள்ளே ஆள் நிற்பார். மூன்றாம் வகுப்புக்குப் படிதான். நான் எந்த வகுப்பில் போயிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

நான்குசக்கரம்:

முறைத்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்து முறைக்கிறேன்.

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான்குசக்கரம் சொன்ன "அத்தை இல்லை, நீங்கள் இருவரில் ஒருவர்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, நான் படியில் வருகிறேன், நீ அம்மாவோடு வா" என்றார். அவர்தான் எங்கள் மூவரில் நல்ல கனம், அதனால் லிஃப்டுக்கும் லாபம்.

அத்தையிடமும் சொன்னேன். அவருக்கு அந்தப் பெரியவர் நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் காலை அவரைப் பஃபேயில் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினாராம், எனக்கு இதுவரை தெரியாது. அவர் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவருக்குத் தெரியாது, முழங்காலைக் காட்டிக் காட்டியே அரை மணி ஓடியிருக்கிறது.

கீழ்த்தட்டு அவர்களுக்கு ஒரு கேள்வி: அடுத்த வருடம் போவதென்றால் சாப்பாட்டு அறைக்கு ஒரு டெக் மேலே கேபின் கேட்டு வாங்கலாமா, இல்லை, கீழே இருந்தால் சத்தம் அதிகமா?

கீழ்த்தட்டு:

தாராளமாக வாங்கலாம். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கேபின்களே இருக்கிற இடமாகப் பாருங்கள், நடன அரங்கத்துக்கோ சமையல்கூடத்துக்கோ நேர் மேலே மட்டும் வேண்டாம், விடிகாலையில் பாத்திரம் உருளும். பதிவு செய்யும் முன் டெக் வரைபடத்தில் லிஃப்ட் எங்கே என்று பாருங்கள். லிஃப்டிலிருந்து ஆறேழு கதவு தள்ளி எடுத்தால் அத்தைக்கு நடையும் குறைவு, நள்ளிரவில் ஷோ விட்டு வருகிறவர்களின் அரட்டையும் கேட்காது.