சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி எங்கள் ஊருக்கு வந்தபோது: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

ஏற்காடு அம்மா:

நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு மலைக்கிராமத்தின் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். ஆர்.ஓ. என்னும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் எப்படி வரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து வந்தார்கள், சத்துணவுக் கூடத்துச் சுவரில் கல்வெட்டுப் பதித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். என் மனத்தை விட்டு அகலாதது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

குழந்தைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு புது எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிப்பதைப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும், வந்தவர்களில் ஓர் இளைஞர் அட்டைப்பெட்டியோடு வரிசையின் கடைசியிலிருந்து டம்ளர்களை எண்ணி எண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் டம்ளரில் பாதித் தண்ணீர் மீதமிருந்தது. அவர் தன்னிடம் வருவதற்குள் அவள் அதை மடமடவென்று குடித்து, பாவாடை ஓரத்தால் டம்ளரைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவரும் வாங்கி அடுக்கிக்கொண்டார்.

இயந்திரம் இப்போது ஓடவில்லை. மின்னழுத்தம் குறைந்தால் நின்றுவிடுகிறது, வடிகட்டி மாற்ற ஆள் மலையேறி வரும் செலவுக்குப் பள்ளியில் பணம் இல்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மேல்நிலைத் தொட்டிக்கு மூடியும் அதைக் கழுவ ஒரு ஏணியும் போதும் என்று சொல்லியிருப்போம். உங்கள் ஊரில் யாராவது முன்கூட்டிக் கேட்டதுண்டா?

குடிநீர் வாரியத்தில் இருந்தவன்:

சகோதரி சொல்வது சரி. ஆர்.ஓ. என்பது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்கான சாதனம். மலை ஊற்று நீரில் பொதுவாக உப்பு குறைவு. அங்கே பார்க்க வேண்டியது கிருமியைத்தான், அதற்குத் தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதே முதல் வேலை. அதோடு, ஆர்.ஓ. உள்ளே வாங்கும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே தள்ளிவிடும். மலையில் வேறொரு பள்ளியில் அந்தக் கழிவுக் குழாய் பக்கத்துக் காபித் தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தக் கோடையில் அதே ஊர்ப் பெண்கள் குடத்தோடு கீழே ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த நிறுவனமும் இயந்திரத்துக்கு முன்னால் நீரைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு கல்வெட்டுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

கணக்குப் பிரிவு:

நான் சேலத்தில் ஒரு பெரிய ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். மேலே எழுதியவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத தொகையை ஒன்று தனிக் கணக்கில் போட வேண்டும், அல்லது சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதி ஒன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பிப்ரவரி பிறந்தாலே உடனே வாங்கிப் பொருத்தக்கூடிய பொருளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரமும் ஸ்மார்ட் வகுப்பறையும் மேசை பெஞ்சும் ஊர்தோறும் வந்து நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். கெட்ட எண்ணம் காரணம் அல்ல.

என்னை உறுத்துவது வேறொன்று. ஆலைக்கு அருகே உள்ள ஊரில் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். பெயர் பதியும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் மருந்து எதுவும் கேட்கவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து மேசைமீது விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தேய்த்து, அந்தக் கையை எனக்குக் காட்டினார். கை கருத்திருந்தது. "தம்பி, காலையில துவைச்சுக் கொடியில போட்டதுங்க இது. முகாம் போடறது நல்லதுதான். இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பதிலுக்காகவே காத்து நின்றார்.

சட்டப்படி அதற்கு விடை உண்டு. வேறு எந்தச் சட்டத்தின்கீழும் நிறுவனம் செய்தே ஆக வேண்டிய கடமையைச் சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டக் கூடாது. புகையைக் கட்டுப்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கடமை, ஆகவே அது இந்த 2 சதவீதத்துக்குள் வராது. அந்த ஏற்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெரியவருக்குப் புகையும் முகாமும் ஒரே வாசலிலிருந்து வருகின்றன. எங்கள் ஆண்டறிக்கையில் முகாமுக்கு வண்ணப் படத்தோடு ஒரு பக்கம் இருக்கிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

கணக்குப் பிரிவு ஐயாவுக்கு மறுப்பு. மார்ச் மாத அவசரத்தைச் சட்டத்தின் தலையில் கட்டாதீர்கள். அதே சட்டம் "தொடரும் திட்டம்" என்ற வழியையும் திறந்து வைத்திருக்கிறது. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தலாம், செலவாகாத தொகையை அதற்கென்ற தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் திட்டம் போட்டிருந்தால் நாகலூர்ப் பக்கத்துப் பள்ளியில் இயந்திரம் நின்றிருக்காது. செய்ய முடியாதது அல்ல, செய்யாமல் விட்டது.

என் பள்ளியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் பலகை கொடுத்தார்கள். அதற்கான மென்பொருளின் சந்தா ஓராண்டில் முடிந்தது. இப்போது அதன்மேல் பழைய புடவை ஒன்று போர்த்தியிருக்கிறது, அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு நாங்கள் கரும்பலகையில் எழுதுகிறோம்.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்கொடை என்று யார் வந்தாலும் முதலில் குழுவைக் கூட்டி, பள்ளிக்கு உண்மையில் எது தேவை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் பொருள் தீர்மானத்தில் இல்லையென்றால், மரியாதையாகவே, எங்களுக்கு இது வேண்டாம், இதற்குப் பதிலாக அதைச் செய்து தாருங்கள் என்று கேட்கலாம். கேட்பதால் யாரும் கோபித்துக்கொண்டு போய்விடுவதில்லை. இரண்டாவதாக, பொருளைப் பெறும் நாளிலேயே அதன் பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு, பழுதானால் எந்தப் பதவியில் இருப்பவரை அழைக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயருக்குப் பதிலாகப் பதவியை எழுதி வாங்குவது முக்கியம், ஏனென்றால் அதிகாரிகள் மாறிவிடுவார்கள். மூன்றாவதாக, நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். கொள்கை, அதற்கான குழுவின் உறுப்பினர்கள், இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த திட்டங்கள் ஆகியவற்றை அங்கே வெளியிட வேண்டும் என்பது விதி. உங்கள் பள்ளியின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்று 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் வழியாகவும் பள்ளியின் தேவையைத் தெரிவிக்கலாம். இறுதியாக, பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்தின் பயனையும் வெளியார் ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்று 2021 திருத்தத்தில் வந்திருக்கிறது. அந்த ஆய்வுக்கு வருபவரிடம் புடவை போர்த்திய பலகையைத் தயங்காமல் காட்டுங்கள்.

மலைக்காரி:

எல்லோரும் குறையாகவே எழுதுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது வேறு. அதுவும் மறக்க முடியாததுதான்.

நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி, இவைதான் எங்கள் வரும்படி. பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கினால்தான் நல்ல விலை. பெரிய எஸ்டேட்டுகளில் அந்த வசதி உண்டு. எங்களைப் போன்றவர்கள் பழத்தை அப்படியே வாசலில் காயவைத்து, வியாபாரி சொன்ன விலைக்குப் போடுவோம்.

ஒரு நிறுவனத்துக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்பிலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்தார். கணக்கெடுக்க வருபவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்பார்கள், எழுதுவார்கள், போய்விடுவார்கள். இவர் திரும்பி வந்தார். மகளிர் குழு கூடியிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, "அக்கா, போன முறை நீங்க சொன்னதை இப்படி எழுதியிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க" என்று தம் குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். எங்கள் பெரியம்மா ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். தையல் இயந்திரம் வேண்டும் என்று எழுதியிருந்தது. "அது நீங்க கேட்டதுக்காகத் தலையாட்டினது கண்ணு. எங்களுக்கு வேணுங்கிறது பல்ப்பரும் காயப்போட ஒரு சிமெண்டுக் களமும்" என்றார். அந்தப் பெண் அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டுப் பெரியம்மா சொன்னதை எழுதினார். எழுதியதை மறுபடியும் படித்துக் காட்டினார்.

பல்ப்பர் வந்தது. எங்கள் குழுவின் பெயரிலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இத்தனை படிப் பழத்துக்கு இவ்வளவு என்று வாடகை வைத்து, அந்தப் பணத்தில் பழுது பார்க்கிறோம். ஏற்காடு அம்மா, முன்கூட்டிக் கேட்டதுண்டா என்றீர்கள் அல்லவா, எங்களைக் கேட்டார்கள். ஒரே ஒரு முறைதான் அப்படிக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கன்னங்குறிச்சி:

மரம் நடும் விழாவைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. சேலத்தில் ஓர் ஏரிக்கரை. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பனியனும் தொப்பியும் அணிந்த ஊழியர்கள் பேருந்தில் வந்து, வரிசையாகக் குழி வெட்டியிருந்த இடங்களில் கன்றுகளை நட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாய்ந்து கிடந்த கன்று ஒன்றை நிமிர்த்த நான் மண்ணைத் தோண்டியபோது, வேரைச் சுற்றிய கறுப்புப் பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. அடுத்ததைத் தோண்டினேன், அதிலும் அப்படியே. கிழித்து எடுக்கத் தோன்றவில்லையா, யாரும் சொல்லித் தரவில்லையா? நட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் ஆசையாகவே வந்தார்கள். இருட்டும் வரை நானும் என் மகனும் எங்களால் முடிந்த கன்றுகளின் உறையைப் பிளேடால் கிழித்து மறுபடி நட்டோம்.

இதே ஊரில் 2010-இல், இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்ற பெயரில் மக்கள் கூடி மூக்கனேரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்தார்கள். இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன. அங்கே நட்டவர்கள் மறுநாளும் வந்தார்கள், அடுத்த ஆண்டும் வந்தார்கள்.

ஆசிரியை அம்மா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் ஊர்களிலும், மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் எடுத்த நம் சேர்வராயன் மலையிலும் சி.எஸ்.ஆரையும் சுரங்க நிதியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற தனி அமைப்பு 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் ராயல்டி என்ற உரிமத் தொகைக்கு மேல், அந்தத் தொகையில் 10 அல்லது 30 சதவீதத்தை அதற்குச் செலுத்த வேண்டும், குத்தகை எப்போது எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறும். குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை அதில் முன்னுரிமை பெற்றவை. இதற்கும் சி.எஸ்.ஆருக்கும் தொடர்பில்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கொடுத்ததாகச் சொன்னால் ஏற்காதீர்கள், மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் தனியாகக் கொடுங்கள்.

கணக்குப் பிரிவு:

ஆசிரியை அம்மா எழுதியதில் ஒரு திருத்தம். பயன் ஆய்வு ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டாயம் அல்ல. முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனம், அதுவும் 1 கோடிக்குக் குறையாத செலவில் முடிந்த திட்டத்தை, முடிந்து ஓராண்டு கழிந்த பிறகு ஆய்வு செய்தால் போதும். ஒரு பள்ளிக்கு ஓர் இயந்திரம் என்பது அந்த வரம்புக்குள் பெரும்பாலும் வராது. ஆகவே ஆய்வாளர் வருவார், காட்டலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவே கடிதம் எழுதலாம். இயந்திரம் எந்த மாதத்திலிருந்து ஓடவில்லை, எத்தனை குழந்தைகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், சரி செய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்று செய்திகளைத் தேதியோடு எழுதி, படமும் இணைத்து, நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். குழுத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிப்ரவரி வரை பொறுக்காமல் ஜூலை, ஆகஸ்டிலேயே அனுப்புவது நல்லது, அடுத்த திட்டங்களைப் பற்றிய பேச்சு அப்போதுதான் நடக்கும். அப்படி ஊரிலிருந்து வந்த கடிதம் எதையும் எங்கள் கோப்பில் நான் இதுவரை பார்த்ததில்லை. வந்தால் குழுவின் முன் வைக்காமல் இருக்க மாட்டேன்.