மெய்யழகன்ல அந்த 18 நிமிஷத்தை வெட்டினது சரியா? சமீபத்துல பாத்ததுல உங்களுக்கு மனசுல நின்ன படம் எது?

நீடாமங்கலம்_ரோடு

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் அப்பா "அந்த அரவிந்த்சாமி படத்தப் போடுப்பா"ன்னார், மெய்யழகனைத்தான் சொல்றார். நான் அந்தப் படத்த மூணாவது தடவையா பாக்குறேன். 2024 செப்டம்பர் 27 ரிலீஸ் அன்னிக்கே சென்னையில முழுப்படமும் பாத்துட்டேன், கிட்டத்தட்ட 3 மணி நேரம். அடுத்த வாரம் அப்பாவ தஞ்சாவூர்ல தியேட்டருக்கு கூட்டிட்டுப் போனா அதுக்குள்ள 18 நிமிஷத்துக்கு மேல தூக்கிட்டாங்க. படம் நீளமா இருக்கு, ரெண்டாம் பாதி பேசிக்கிட்டே இருக்காங்கன்னு முதல் நாள்லயே பேச்சு வந்துச்சு இல்ல, அதனால.

எனக்கு அந்த வெட்டு இன்னும் ஆறல. ஏன்னு சொல்றேன். கதை என்ன, 1996ல சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்ட விட்டுட்டுப் போன ஆளு, அதுக்கப்புறம் சொந்தக்காரங்க முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தவரு, தங்கச்சி முறை ஒருத்திக்காக நீடாமங்கலத்துக்கு கல்யாணத்துக்கு வர்றார். அங்க ஒருத்தன், கார்த்திதான், "அத்தான் அத்தான்"னு ஒட்டிக்கிறான், இவருக்கு அவன் யாருன்னே தெரியல, பேரு கூட ஞாபகம் வரல, கேக்கவும் வாய் வரல. கடைசி பஸ்ஸ விட்டுட்டு ராத்திரி அவன் வீட்டுல தங்குறார். அந்த ராத்திரிதான் படம். அதுல அவங்க பேசுறது கரிகாலன், போரு, ஜல்லிக்கட்டுன்னு எங்கெங்கயோ போகும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. ஆனா ராத்திரி ரெண்டு பேரு மொட்டமாடியில உக்காந்தா அப்படித்தானே பேசுவாங்க? பேச்சு நீளமா இருக்கறதாலதான் விடியக்காலையில அந்தாளு சொல்லாம கொள்ளாம கிளம்பறப்ப நமக்கு நெஞ்சு அடைக்குது. சுருக்கிட்டா ஏதோ ரெண்டு மணி நேரப் பழக்கம் மாதிரி ஆயிடுது.

எங்க வீடு மன்னார்குடி பக்கம், 2004ல வித்தாச்சு. அப்பா அதப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசினது கிடையாது. கல்யாண மேடையில தங்கச்சிக்கு நகை போட்டு விடுற சீன் வந்தப்ப எந்திரிச்சு திண்ணைக்குப் போயிட்டார், முடிஞ்சப்புறம்தான் உள்ள வந்தார். தியேட்டர்லயும் அந்த இடத்துல தலைய குனிஞ்சுக்கிட்டார், ஏன்னு அப்ப எனக்குப் புரியல.

சரி, கேள்வி இதுதான். மெதுவா போற படத்த ஆடியன்ஸ் சொன்னாங்கன்னு வெட்டலாமா? அப்புறம் நீங்க சமீபத்துல பாத்ததுல எது மனசுல நின்னுச்சு, ஏன்னும் சொல்லுங்க. நல்லாருக்கு நல்லால்லன்னு மட்டும் போட வேணாம்.

மாட்னி_ஷோ

நண்பா நான் உங்க பக்கம் இல்ல. மெய்யழகன் முதல் பாதி எனக்கும் உயிரு, அந்தக் கல்யாண மண்டபம் அவ்ளோ உண்மையா இருந்துச்சு, பந்தியில உக்கார்றது, யாரு யாருக்கு என்ன முறைன்னு கேக்கறது, ராஜ்கிரண் சாரோட அந்தப் பாசம் எல்லாமே. ஆனா ராத்திரி பேச்சுல ஒரு கட்டத்துக்கு மேல அந்தப் பையன் பேசல, டைரக்டர்தான் பேசறார். ஜல்லிக்கட்டு மாட்டப் பத்தி, பழைய போரப் பத்தி சொல்றதெல்லாம் தப்புன்னு சொல்ல வரல, அந்த விஷயம் எனக்கும் பிடிச்ச விஷயம்தான், ஆனா எதிர்ல உக்காந்திருக்கவருக்கு அதுல என்ன ஆச்சுங்கறது திரையில வரல. சைக்கிள் கதை வருது பாருங்க, இவர் விட்டுட்டுப் போன பழைய சைக்கிளாலதான் அவன் குடும்பமே தலையெடுத்துச்சுன்னு, அது மட்டும் போதும். அதுக்கு முன்னாடி இருக்கறத சுருக்கினா அது சீக்கிரம் வருது, அடியும் பலமா விழுது. அதனால வெட்டினது சரிதான்னு நெனைக்கிறேன்.

நான் லேட்டா பாத்து, இப்ப யாரப் பாத்தாலும் சொல்லிக்கிட்டிருக்கற படம் லப்பர் பந்து. 2024 செப்டம்பர் 20ல வந்தது, மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னாடி, அப்ப வேலையில மாட்டிக்கிட்டு விட்டுட்டேன். தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படமாம், நம்பவே முடியல. ரப்பர் பால் கிரிக்கெட் ஆடினவன் எவனா இருந்தாலும் முதல் பத்து நிமிஷத்துல உள்ள போயிடுவான், டிராக்டரக் கொண்டாந்து பிட்ச உழுது விடுற இடத்துலயே நான் நிமிந்து உக்காந்துட்டேன். அட்டகத்தி தினேஷ் கெத்துங்கற பேர்ல வர்றார், நாப்பது வயசு தாண்டியும் மட்டைய விட முடியாத ஆளு, பொண்டாட்டிக்குத் தெரியாம ஆடப் போறவரு. ஹரிஷ் கல்யாண் பவுலர், அவர் பொண்ணையே லவ் பண்றான். மாமனார் மருமகன் ஈகோதான் கதைன்னு தோணும், ஆனா அடியில என்ன ஓடுது பாருங்க, நல்லா ஆடற பையன ஊரு டீம்ல சேக்க மாட்டேங்கறாங்க, ஏன்னு யாரும் சத்தமா சொல்றதில்ல, எல்லாருக்கும் தெரியும். எங்க ஊருலயும் அப்படித்தான் இருந்துச்சு, ஆள் பத்தலன்னா ஃபீல்டிங்குக்கு கூப்புடுவாங்க, கப்பு மேட்ச்னா கூப்புட மாட்டாங்க, சின்ன வயசுல எங்களுக்கு அது தப்புன்னே உறைக்கல, இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. அந்தப் படத்துல யாரும் பத்து நிமிஷம் நின்னு பேசலயே, ஆனா விஷயம் வந்து சேந்துச்சா இல்லயா?

கெத்தோட பொண்டாட்டியா வர்ற சுவாசிகா நடிப்பப் பத்தி தனியாவே எழுதலாம். மகளுக்கு அம்மாவா, புருஷன் மேல கோவத்தோட, அந்தக் கோவத்துக்கு அடியில அவர் ஆட்டத்து மேல ஒரு பெருமையோட, எல்லாத்தையும் கண்ணுலயே காட்டுது அந்தப் பொண்ணு. விஜயகாந்த் பாட்டு வர்ற இடத்துல தியேட்டர் எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு வருத்தப்பட்டேன், வீட்டுல பாத்துட்டமேன்னு.

வைகைக்கரை

நீடாமங்கலம் அண்ணா, உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியல, ஆனா மெதுவா போற படம்னதும் எனக்கு கொட்டுக்காளிதான் ஞாபகம் வருது. அதுல வெட்டணும்னு சொன்னா எத வெட்டுவீங்க? மொத்தப் படமும் ஒரு ஷேர் ஆட்டோவும் ரெண்டு மூணு பைக்கும் ரோட்டுல போறதுதான். வேற சாதிப் பையன விரும்பினான்னு மீனாவுக்கு பேய் பிடிச்சிருக்கு, மருந்து வச்சுட்டாங்கன்னு முடிவு பண்ணி குடும்பமே சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போகுது, சூரி முறைமாமன். பின்னணி இசை ஒரு பிட்டு கூட கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், காத்து, அவ்ளோதான்.

நான் மதுரையில தியேட்டர்ல பாத்தப்ப பின்னாடி இருந்தவங்க "எப்பப்பா கதை ஆரம்பிக்கும்"னு சத்தம் போட்டுட்டே இருந்தாங்க, இடைவேளையில பாதி பேர் கிளம்பிட்டாங்க. சூரி காமெடிய நம்பி வந்திருப்பாங்க போல, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்கு கை கால் நடுங்குச்சு. ஏன்னா எங்க சித்தி பொண்ண இதே மாதிரி கூட்டிட்டுப் போயிருக்காங்க, நான் அந்த வேன்ல இருந்தேன், எனக்கு அப்ப பதிமூணு வயசு. வழியில நிறுத்தி டீ குடிச்சாங்க, எனக்கு முறுக்கு வாங்கிக் குடுத்தாங்க, எல்லாரும் சாதாரணமா பேசிட்டே வந்தாங்க, அவ மட்டும் ஒரு வார்த்த பேசல. அந்தப் படத்துலயும் அப்படித்தான், ஆம்பளங்க எல்லாம் பேசிட்டே வருவாங்க, மீனா மட்டும் வாயே திறக்க மாட்டா. ஒரு இடத்துல ஸ்பீக்கர்ல ஓடற பாட்ட லேசா முணுமுணுப்பா, அதுக்கு என்ன நடக்குதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அந்த சீனுக்கப்புறம் எனக்கு தண்ணி குடிக்கக்கூட தோணல.

மீனாவா வர்ற அன்னா பென் கண்ண வச்சே முழுப் படத்தையும் கொண்டு போயிட்டாங்க. சூரி தொண்டையில சுண்ணாம்பு தடவிக்கிட்டு குரலே வராம கத்துவார், அந்தக் குரலே ஒரு கேரக்டர் மாதிரி இருக்கும். ரோட்டுல மாடு மறிச்சுக்கிட்டு நிக்கும், அத்தன ஆம்பளங்களும் ஒண்ணும் பண்ண முடியாம நிப்பாங்க, ஒரு சின்னப் புள்ள வந்து ஓட்டிட்டுப் போயிடும். யாரும் அத விளக்கிச் சொல்ல மாட்டாங்க. வினோத்ராஜ் இதுக்கு முன்னாடி எடுத்த கூழாங்கல்லும் பாத்துருங்க, 2021ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கின படம், அதுல அப்பாவும் பையனும் வெயில்ல நடந்துட்டே இருப்பாங்க, பாக்கற நமக்கு உச்சந்தலை காயும்.

ஆக என் கருத்து, படம் எவ்ளோ நேரம் ஓடணும்னு எடுத்தவர்தான் சொல்லணும். எனக்குப் பிடிக்கலன்னா நான் எந்திரிச்சுப் போறேன், படத்துல ஏன் கைய வைக்கணும்?

தாமிரபரணி_72

மக்கா, கொட்டுக்காளி வந்த அதே நாளு, 2024 ஆகஸ்ட் 23, வாழையும் வந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தத நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு, ஒண்ணுக்கு கூட்டம் வந்துச்சு, இன்னொண்ணுக்கு வரல.

நான் வாழையப் பத்தி மட்டும் சொல்லுதேன். எங்கம்மா வாழைத்தார் சொமந்தவ. நானும் லீவு நாள்ல போயிருக்கேன், தலையில சும்மாடு வச்சு வயக்காட்டு வரப்புல இருந்து லாரி வரைக்கும் கொண்டு போகணும், சேத்துல கால் புதையும், கழுத்து ஒரு பக்கமா சாஞ்சுரும், ராத்திரி படுத்தா தலைய திருப்ப முடியாது. வாழைக்கறை சட்டையில பட்டா எந்த சோப்பு போட்டாலும் போகாது, பள்ளிக்கூடத்துல சட்டையப் பாத்தே யாரு தார் சொமக்குற வீட்டுப் புள்ளன்னு கண்டுபிடிச்சிருவாவ. மாரி செல்வராஜ் அத அப்படியே எடுத்துருக்காரு, அவரு சின்ன வயசுல நடந்ததுதான அது. கூலி கூட்டிக் கேட்டதுக்கு தனி வண்டி கிடையாது, தார் ஏத்துன லாரி மேலயே உக்காந்து போங்கன்னு அனுப்பிருதாவ. அந்த லாரி கவுந்த கதைய நான் இங்க எழுத மாட்டேன், பாக்காதவங்க பாக்கட்டும்.

படத்துல வர்ற அந்தச் சின்னப் பய பசியில வீட்டுக்கு வந்து சட்டியத் திறந்து சோறு திங்குற எடத்துல என் வீட்டுக்காரி "நிப்பாட்டுங்க"ன்னுட்டா. பாதி நாள் கழிச்சுத்தான் மிச்சம் பாத்தோம். அதுல வெட்டணும்னா டீச்சர் வர்ற பகுதியில கொஞ்சம் வெட்டலாம்னு சிலர் சொல்லுதாவ, எனக்கு அதுவும் வேணும். அந்தப் புள்ளைக்கு சந்தோசமா இருந்த எடம் அது ஒண்ணுதான்.

கோண்டாவில்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச எல்லாரும் கதைக்கிற படம் டூரிஸ்ட் ஃபேமிலி, 2025 மே 1 வந்தது. எங்கட ஆக்கள் ஒரு குடும்பமா படகில ராமேஸ்வரம் வந்து, சென்னையில ஒரு தெருவில வாடகைக்கு இருக்கினம், அவ்வளவுதான் கதை. சசிகுமாரும் சிம்ரனும் கதைக்கிற தமிழ் சரியா எண்டு கேட்டா, முழுக்கச் சரி எண்டு சொல்லேலாது, சில இடத்தில யாழ்ப்பாணம், சில இடத்தில வேற எங்கயோ. ஆனா முந்தி இந்தியப் படங்களில எங்கட பேச்சை வச்ச மாதிரிப் பாக்கேக்க இது எவ்வளவோ மேல், கேட்டு மனம் நோகேல்ல.

எனக்கு மனசில நிண்டது வேற. யோகி பாபு அவையளைக் கூட்டிக்கொண்டு போகேக்க, உங்கட தமிழைக் கதைக்காதேங்கோ, பிடிபட்டுப் போவியள் எண்டு சொல்லுவார். சனம் சிரிக்குது. நான் சிரிக்கேல்ல. 90களில நாங்கள் சென்னையில நாலு வருசம் இருந்தனாங்கள், நான் சின்னப் பொடியன். அம்மா கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகேக்க "நீ ஒண்டும் கதைக்காதை, நான் கேக்கிறன்" எண்டுவா. "கன"வெண்டு சொல்லாமல் "நிறைய" எண்டு சொல்ல வேணும், "ஓம்" எண்டாமல் "ஆமா" எண்ட வேணும், இதெல்லாம் வீட்டில இருந்து பழகினனாங்கள். வீடு தேடேக்க அப்பா வெளியில நிண்டுகொண்டு தரகரைத்தான் கதைக்க விடுவார். ஆனா ஒரு வீட்டுக்கார அம்மா எல்லாம் தெரிஞ்சும் வீடு தந்தவ, தைப்பொங்கலுக்கு எங்களுக்கும் சேத்துப் பொங்கி அனுப்புவா. அந்தப் படத்தில தெருச்சனம் அந்தக் குடும்பத்தோட சேருறதைப் பாக்கேக்க, இதெல்லாம் படத்தில மட்டும்தான் நடக்கும் எண்டு சிலர் எழுதியிருந்தவை. எங்களுக்கு நடந்தது.

படத்தை எடுத்த அபிஷன் ஜீவிந்துக்கு சரியான இளவயசு எண்டு கேள்விப்பட்டன். அந்தப் பொடியனுக்கு நல்ல மனம்.

மாட்னி_ஷோ

கோண்டாவில் அண்ணே, நீங்க எழுதினதப் படிச்சதும் அந்த சீன நான் எப்படிப் பாத்தேன்னு யோசிச்சேன். நானும் சிரிச்சேன். திரும்ப ஒரு தடவ பாக்கறேன்.

மெய்யழகன் விஷயத்துல நான் சொன்னதுல மாத்தமில்ல. ஆனா வைகைக்கரை கேட்ட கேள்வி, யாரு வெட்டறதுங்கறது, அதுல அவங்க சொல்றதுதான் சரி. டைரக்டரே உக்காந்து எடிட் ரூம்ல சுருக்கியிருந்தா அது வேற, ரிலீஸ் ஆன ஒரு வாரத்துக்குள்ள வெளிய வந்த பேச்சுக்காக வெட்டறது வேற.

நீடாமங்கலம்_ரோடு

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. தாமிரபரணி அண்ணாச்சி எழுதினத அப்பாகிட்ட போன்லயே படிச்சுக் காட்டினேன், சும்மாடுன்னதும் "நம்ம வீட்டு பரண்ல ஒண்ணு கெடந்துச்சு"ன்னார். எந்த வீட்டுலன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் வித்த வீட்டப் பத்தி அரை மணி நேரம் பேசினார், கொல்லையில இருந்த நார்த்தங்கா மரம், அடிகுழாய், மழைக்கு ஒழுகுற இடம் எதுன்னு கூட சொன்னார். 21 வருஷத்துல முதல் தடவ. பேச்சு எங்கெங்கயோதான் போச்சு, நான் குறுக்க ஒரு வார்த்த பேசல.

கொட்டுக்காளி நான் இன்னும் பாக்கல, இன்னிக்கு ராத்திரி போடலாம்னு இருக்கேன். வைகைக்கரை, மியூசிக்கே இல்லன்னு சொன்னீங்களே, டிவில பாத்தா அந்தச் சத்தமெல்லாம் கேக்குமா?

வைகைக்கரை

ஃபேன ஆஃப் பண்ணிட்டு பாருங்க அண்ணா. ஆரம்பத்துல சேவல் கட்டிக் கெடக்கும், அது கயித்த இழுக்கற சத்தம் கேட்டுச்சுன்னா வால்யூம் சரியா இருக்குன்னு அர்த்தம்.