சில்வர் பூனைக்குள் ஒரு வரிப்பூனை

லண்டனில் நான் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரம்மா சின்சில்லா பெர்ஷியன் என்ற நீள முடிப் பூனைகள் வளர்த்தார். ஒரு நாள் காலையில் மாடிக்குக் கூப்பிட்டு, ராத்திரி பிறந்த குட்டிகளைக் காட்டினார். தாய், தகப்பன் இரண்டுமே பளபளக்கும் வெள்ளி நிறம். குட்டிகளுக்கோ முதுகெல்லாம் கருங்கோடு, வாலில் வளையம் வளையமாக வரி! "இப்படித்தான் பிறக்கும். முடி வளரட்டும், பாருங்க" என்றார்.

தாய்ப்பூனையை மடியில் போட்டு, விலாப்பக்கத்து முடியை வாயால் ஊதி விலக்கினார். வேரிலிருந்து பால்வெள்ளை. நுனியில் மட்டும், முடியின் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கறுப்பு. அந்தத் துளிக் கறுப்புதான் தூரத்திலிருந்து வெள்ளியாகத் தெரிகிறது. பச்சைக் கண்களைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கறுப்பு விளிம்பு. மூக்கு செங்கல் நிறம். முடியில் மஞ்சள் நிறமி சேரவிடாமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதோடு, கறுப்பை நுனிக்கு ஒதுக்கிவிடும் தன்மையும் சேர்ந்தால் சின்சில்லா. வரி எங்கேயும் போய்விடவில்லை, அதைக் காட்டுவதற்கு முடியில் நிறம்தான் மிச்சமில்லை. முடி நீள நீள அந்தக் குட்டிகளின் வரியும் மங்கிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்தம்மாவுக்கு வம்சாவளி என்றால் உயிர். 1882-இல் இங்கிலாந்தில் பிறந்த 'சின்னி' என்ற பெண் பூனையைத்தான் இந்த வகைக்கே தாய் என்கிறார்கள். வளர்த்தவர் திருமதி வேலன்ஸ். சின்னியின் மகள் வழிப் பேரன் 'சில்வர் லாம்ப்கின்' அந்தக் காலப் பூனைக் கண்காட்சிகளில் பெரிய பெயர். இறந்த பிறகு அதன் உடலைப் பாடம் செய்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாத்திருக்கிறார்கள். வெள்ளி வரிப்பூனையும் புகை நிறப் பூனையும் கலந்து வந்த வம்சம் என்பதால் ஆரம்பகாலச் சின்சில்லாக்கள் இன்றையதைவிடக் கருமை. வெளிர்ந்த குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து இந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மரபணு என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில், கண்பார்வையை மட்டும் நம்பிச் செய்த வேலை இது. எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

1981-இல் லண்டனிலேயே ஒரு சின்சில்லா ஆண், லைலாக் நிற (வெளிர் ஊதா கலந்த சாம்பல்), குட்டை முடி பர்மியப் பெண் பூனையோடு யாரும் திட்டமிடாமல் சேர்ந்துவிட, நான்கு பெண் குட்டிகள் பிறந்தன. நான்குக்கும் வெள்ளிச் சாயல், ஆனால் குட்டை முடி. பர்மில்லா வகை அங்கே ஆரம்பித்ததுதான். நீள முடிக்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அதனால் அந்த வம்சத்தில் பின்னால்தான் நீள முடிக் குட்டிகள் தலைகாட்டின. அவற்றை டிஃபனி என்று தனி வகையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், குட்டியைப் பாதிக்கும். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டுக்காரம்மா குட்டியைக் கையில் கொடுக்கும் முன்பே அந்தச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைப்பார். விற்பவர் அதைக் காட்டத் தயங்கினால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.