எடை அசையாமல் நிற்கும்போது முயற்சியை எப்படித் தொடர்வது?

பொருநைக்கரையாள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. உயரம் 158 செ.மீ. தை மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1 என்று வந்தது. இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றும், எடையைக் குறைத்தால் இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது என்றும் மருத்துவர் சொன்னார். அப்போது நான் 84 கிலோ. இரவுச் சோற்றை நிறுத்தினேன். மதியம் சோற்றைப் பாதியாக்கிக் காயையும் சுண்டலையும் கூட்டிக்கொண்டேன். மாலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் முக்கால் மணி நேரம் நடந்தேன். முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு வேகம் குறைந்தாலும் இறங்கிக்கொண்டே வந்து, ஆடியில் 75 கிலோவைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது.

ஆவணியிலும் புரட்டாசியிலும் அதே சாப்பாடு, அதே நடை, அதே 75. ஐப்பசியில் நாத்தனார் மகள் திருமணத்துக்காக நாகர்கோவிலில் ஒரு வாரம் போலத் தங்க நேர்ந்தது. அந்த ஊர்ப் பந்தியில் அடைப்பிரதமன் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியவில்லை. அது முடிந்த கையோடு தீபாவளி வந்தது. இப்போது எடை 77.5.

பட்ட பாடெல்லாம் வீண் என்ற எண்ணம் காலையில் எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்கியதும் வந்துவிடுகிறது. அன்றைய பொழுதே அந்த எண்ணைப் பொறுத்துத்தான் விடிகிறது. வீட்டிலோ, "முகம் வாடிப் போச்சு, இத்தோடு போதும்" என்கிறார்கள். இன்னும் குறைத்துச் சாப்பிடு என்கிறார் ஒரு தோழி. என் உடம்பின் இயல்பே இவ்வளவுதானா? இந்த நிலையைக் கடந்தவர்கள் மனத்தை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்?

உணவியலர்_கிண்டி எழுதியது:

முதலில் அந்த இரண்டரைக் கிலோவைப் பார்ப்போம், ஏனெனில் உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தோன்றுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. இரண்டரைக் கிலோ கொழுப்புச் சேர வேண்டுமானால், உங்கள் உடலின் அன்றாடத் தேவைக்கும் மேலாக 19,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பந்தியே ஆனாலும் சில நாள்களில் அது நடக்கிற காரியமில்லை. சோறும் இனிப்பும் கூடும்போது கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ஊறுகாய், அப்பளம், முறுக்கு, மிக்சர் ஆகியவற்றின் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைச் சேர்க்கிறது. ஏறியதில் பெரும்பகுதி நீர்தான். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு வாரங்களுக்குள் அது பெரும்பாலும் வடிந்துவிடும். முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியதற்கும் ஓரளவு இதுவே காரணம். அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பின்னால் வரும் மாதங்கள் எல்லாமே தோல்வியாகத்தான் தெரியும்.

அடுத்து அந்த 75. எடை குறையும் உடல் இரண்டு வழிகளில் தன்னைக் காத்துக்கொள்கிறது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் அது அன்றாடம் செலவிடும் ஆற்றல் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. இந்தக் கணக்கை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள். ஒன்பது கிலோ குறைத்த உங்களுக்கு, தையில் இருந்ததைவிட இப்போது நாளொன்றுக்கு 200 கலோரி குறைவாகவே செலவாகிறது. பசியோ அதைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே தையில் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, ஆவணியில் எடையை நிறுத்திவைக்கும் சாப்பாடாக மாறிவிட்டது. நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. கூடிய பசியை மாதக்கணக்கில் எதிர்த்து நின்றிருக்கிறீர்கள். எடை ஏறாமல் நின்றதே அந்த உழைப்பின் பலன்தான்.

இன்னும் குறைத்துச் சாப்பிடு என்ற ஆலோசனையை ஏற்க வேண்டாம். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துச் செய்த ஆய்வில் அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். கூடவே உற்சாகத்தையும் உடல் வெப்பத்தையும் இழந்து, பொழுது முழுதும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திடமான உடலும் திடமான மனமும் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பட்டினி கிடக்கும் உடலில் ஊக்கம் எங்கிருந்து வரும்?

விரதப்_பிரியன் எழுதியது:

அக்கா, இவ்வளவு கணக்கு எதற்கு? அரிசியை அறவே விட்டு, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறைக்கு மாறுங்கள். முட்டை, பனீர், பாதாம், இடையில் ஒரு நாள் முழு விரதம். எனக்குத் தேங்கி நின்ற எடை ஒரே மாதத்தில் இறங்கியது.

உணவியலர்_கிண்டி எழுதியது:

மாவுச்சத்தை அறவே விட்டால் கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் போய்விடும். ஆகவே முதல் மாதத்தில் எல்லோருக்கும் எடை இறங்கத்தான் செய்யும். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கொழுப்பையும் மறு சாராருக்கு மாவுச்சத்தையும் குறைத்துப் பன்னிரண்டு மாதம் பார்த்தது. சராசரியாக 5.3 கிலோவும் 6 கிலோவும் குறைந்தன. குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. உங்களுக்குப் பேலியோ பொருந்தினால் தொடருங்கள். மூன்று தலைமுறை ஒரே அடுப்பில் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியே பனீர் சமைப்பது எத்தனை மாதம் நடக்கும் என்பதுதான் என் கேள்வி.

அடுக்களைக்_கணக்கு எழுதியது:

சகோதரி, உணவியலர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பழியை முழுக்க உடம்பின் மேலேயே போட்டுவிடவும் கூடாது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதைவிட ஏறத்தாழப் பாதி அளவையே எழுதிக்கொடுத்திருந்தது தெரிந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதில்லை. கைப்பழக்கமாக வாயில் போடுவது நினைவில் நிற்பதில்லை. நம் அடுக்களையில் அப்படி ஒளிந்திருப்பவை எண்ணெயும் தேங்காயும் நொறுக்குத்தீனியும்தான். சோற்றைக் குறைத்தவர்கள், அந்தக் குறையை ஈடுகட்டப் பொரியலில் தேங்காயைத் தாராளமாகத் தூவுவதையும், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயைக் குழி கட்டி ஊற்றுவதையும் பல வீடுகளில் பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி; ஒரு சின்ன இட்லி 60 கலோரி. எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல் இட்லியை மட்டும் எண்ணுவதில் பயனில்லை.

தினமும் எடைபோட்டுச் சமைக்கச் சொல்லவில்லை; அது மனத்தை இன்னும் நோகடிக்கும். எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடுவோம். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது இடையில் எத்தனை நாள் ஓடியது என்பது தெரிந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 33 மி.லி.; அதாவது 270 கலோரிக்கு மேல். ஆடியிலிருந்து உங்கள் எடையை நிறுத்திவைத்திருப்பது இப்படி ஏதோ ஒன்றாக இருக்கலாம். இதில் ஒரு வசதி என்னவென்றால், யாரையும் பட்டினி போடாமல், யாரிடமும் சொல்லாமல், வீடு முழுவதற்கும் சேர்த்து இதைக் குறைத்துவிடலாம். அளந்து பார்த்துக் குறைவாகவே இருந்தால் என் சந்தேகத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஓய்வாசிரியர்_ஈரோடு எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்டது மனத்தைப் பற்றி. பதில்களோ கலோரியிலேயே நிற்கின்றன. குறைத்த எடையைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

தையில் நீங்கள் எதற்காகத் தொடங்கினீர்கள்? எச்பிஏ1சி 6.1 என்பதற்காக. இடையில் எப்போதோ 6.1 மறந்து, 75 மட்டும் நிற்கிறது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போலவே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு செய்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் தொடர்ந்து அறிவுறுத்தப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டாவது பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படிக் குறையவே இல்லை. எடைக் கருவியை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் முயற்சி வீண் என்றே நினைத்திருப்பார்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் நீங்கள் மைதானத்தில் நடந்த நடையை 75 என்ற எண்ணால் அளக்க முடியாது என்று நான் சொல்வது அதனால்தான். எச்பிஏ1சியைத் திரும்பப் பார்த்தீர்களா? இடுப்புச் சுற்றளவை அளந்தீர்களா? நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. எடை நிற்கும் மாதங்களிலும் நாடா சில சமயம் இறங்கும்.

பண்டிகைச் சறுக்கலைப் பற்றி ஒன்று. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒரு வேளை வரம்பு மீறியதும், "இன்று கெட்டது கெட்டதுதான்" என்று அன்று முழுவதும் கட்டவிழ்த்துவிடும் பழக்கத்தை ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கேடு வருவது அடைப்பிரதமனால் அல்ல. அதற்குப் பிறகு வரும் "இனி திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்பதால். திங்கட்கிழமைக்குக் காத்திராமல், மறுவேளைச் சாப்பாட்டிலேயே வழக்கத்துக்குத் திரும்புங்கள். அதற்காகப் பட்டினியும் கிடக்காதீர்கள். பட்டினி அடுத்த சறுக்கலுக்கு வழி வெட்டும்.

நம்மில் யாருக்கும் ஊக்கம் நாள்தோறும் இருப்பதில்லை. அது இல்லாத நாளிலும் நடக்கும்படியான ஏற்பாட்டைத்தான் செய்துவைக்க வேண்டும். மைதானத்தில் ஆறு மணிக்கு ஒருவர் உங்களுக்காகக் காத்திருந்தால், மனம் இல்லாவிட்டாலும் கால் போய்விடும். அலுத்துப்போன நாளில் பத்து நிமிடம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பலாம் என்று உங்களோடு ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தினமும் பார்ப்பதால் நொந்துபோகிறவர்கள் வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். வேறு சிலர் தினமும் பார்த்து வாரச் சராசரியை மட்டும் குறித்துவைக்கிறார்கள். அறவே பார்க்காமல் விடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் 75இல் நிற்பதையே இலக்காக வைத்துக்கொண்டால் என்ன? குறைப்பது ஒரு வேலை, குறைத்ததைக் காப்பது வேறொரு வேலை. இரண்டாவதைப் பலரும் கற்றுக்கொள்வதே இல்லை. வீட்டில் "முகம் வாடிப் போச்சு" என்று சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம். அடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்துவிடுங்கள்.

பொருநைக்கரையாள் எழுதியது:

ஐயா, அனைவருக்கும் நன்றி. எச்பிஏ1சி திரும்பப் பார்க்கவே இல்லை. இந்த வாரமே பார்க்கிறேன். அடுக்களைக் கணக்குச் சகோதரிக்கு: எங்கள் வீட்டில் ஐந்து பேர், மாதம் ஐந்து லிட்டர், தேங்காயைக் கேட்காதீர்கள். மூன்று மாதம் 75இல் நிற்பது என்ற யோசனை பாரத்தை இறக்கிவைத்தது போல் இருக்கிறது, ஆனால் அது சாக்காகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. மேலும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: எனக்குத் தைராய்டு குறைபாடும் உண்டு. காலையில் எழுந்ததும் மாத்திரை போட்டுவிட்டு உடனே காப்பி குடிப்பேன். எடை நிற்பதற்கு அதுவும் காரணமாக இருக்குமா?

உணவியலர்_கிண்டி எழுதியது:

சாக்காகாமல் இருக்க எண்ணில் ஒரு வரம்பு வையுங்கள்: பண்டிகையில் ஏறிய நீர் வடிந்தபின் வாரச் சராசரி 77ஐத் தாண்டினால் எண்ணெயையும் மாலை நொறுக்கையும் பாருங்கள், தாண்டாத வரை எதையும் மாற்ற வேண்டாம். இந்த இடைவெளியில் வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதுமே தொடக்கத்துக்குப் போதும். எடை குறையும்போது கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரைகிறது. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு அந்த இழப்பு நல்லதல்ல.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, காப்பியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும்; காப்பி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் எடுத்துக்கொண்டால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எச்பிஏ1சிக்கு இரத்தம் கொடுக்கும்போதே, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவையும் பார்த்து, காப்பிப் பழக்கத்தையும் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். காப்பி நேரத்தை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.சைத் திரும்பப் பார்க்கச் சொல்வார். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம். தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் நீரும் உப்புமே அதிகம். ஆகவே டி.எஸ்.எச். சரியானதும் எடை கிடுகிடுவென்று இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடக்கும்போது கால் கனப்பதும் மாலைச் சோர்வும் குறைந்தால், அதுவே போதிய பலன்.