கோப்பிடாமையும் வெற்றுக்கோப்பும்: கட்டாயமற்ற பதிவேற்றத்துக்கான கலைச்சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லைத் தேடுகின்றன: படிவத்தில் கோப்பை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்ளப்படும் புலத்துக்கு என்ன பெயர் என்பதே அந்தத் தேடல். அதற்கான விடை எளிது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் புலத்தைப் பயனர் தொடாமல் விட்டுவிடும்போது வழங்கிக்கு (வலைத்தளத்தை இயக்கும் கணினிக்கு) சென்று சேரும் நிலைக்கு நம்மிடம் பெயரே இல்லை. நிரலாளர்கள் இடறுவதும் பிழைச்செய்திகளின் மொழிபெயர்ப்பு குழம்புவதும் அங்கேதான். ஆகவே முதற்கேள்வியைச் சுருக்கமாகவும் இரண்டாவதை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

> “விருப்பக் கோப்பு” என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது, “விருப்பப் பாடம்” என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளதுதானே.

சுருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணையத்தில் விருப்பம் என்ற சொல் ஏற்கெனவே வேறொரு வேலையில் அமர்ந்துவிட்டது. ஒரு பதிவின் கீழே “விருப்பம்” என்று இருந்தால் அது பாராட்டைக் குறிக்கிறது. விருப்பப் பாடல் என்றால் மனத்துக்குப் பிடித்த பாடல். விருப்பக் கோப்பு என்ற தொடரைத் திரையில் முதன்முறை பார்ப்பவர் தமக்குப் பிடித்த கோப்பு என்றே படிப்பார். விருப்பப் பாடத்தில்கூடப் பல பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் இருக்கிறது. எதையுமே எடுக்காமல் விடும் உரிமை அதில் இல்லை. நமக்கு வேண்டியதோ அந்த விடும் உரிமை. “விடத்தக்க புலம்” என்று ஒருவர் எழுதியிருந்தது இக்கருத்துக்கு அருகில் வருகிறது. எனினும் விடத்தக்க பழக்கம் என்னும்போது விட்டுவிடுவதே நல்லது என்ற பொருள் ஒலிப்பதைப் போல இங்கும் ஒலிக்கும்.

“கட்டாயம்” என்ற சொல் படிவங்களில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு இணையாகக் “கட்டாயமற்ற பதிவேற்றம்” என்று ஆவணங்களிலும், “கட்டாயமில்லை” என்று திரையில் புலத்தின் பெயருக்கு அருகிலும் எழுதலாம். எதிர்மறையால் ஒன்றை வரையறுக்கக் கூடாது என்ற வாதம் இங்கே பொருந்தாது. இரண்டும் ஓர் இணை என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும், அது இதில் தெரிகிறது. பதிவேற்றமா தரவேற்றமா என்ற பழைய விவாதத்தை இந்த இழையில் மீண்டும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டுமே வழக்கில் உள்ளவை, இரண்டுமே புரிகின்றன.

> பயனர் எதையும் தேர்ந்தெடுக்காத நிலைக்குக் “கோப்பின்மை” போதும். வெற்றுக்கோப்பு என்பதும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இதை விளக்க, உலாவி உண்மையில் எதை அனுப்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கோப்புப் புலம் உள்ள படிவத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அனுப்பும் முறையை 1995-இல் வெளியான ஆர்எஃப்சி 1867 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் முன்வைத்தது. இன்று நடப்பில் உள்ள வடிவத்தை 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7578 வரையறுக்கிறது. ஒவ்வொரு புலமும் ஒரு பகுதியாகச் செல்கிறது. கோப்புப் புலத்துக்குரிய பகுதியின் தலைப்பில் புலத்தின் பெயரும் கோப்பின் பெயரும் உள்ளடக்க வகையும் இருக்கும். பயனர் எந்தக் கோப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும் அந்தப் பகுதி விடுபட்டுப் போவதில்லை. கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லாமலும், உள்ளடக்க வகை பொதுவான இருமத் தரவு என்ற குறிப்போடும், கோப்பின் உள்ளடக்கம் இருக்க வேண்டிய உடல் 0 பைட்டாகவும் அது போய்ச் சேர்கிறது. வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் தரப்பாடே இப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. குறியிடப்படாத தேர்வுப்பெட்டி அனுப்பப்படுவதே இல்லை என்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இதற்கு நேர் எதிரானது, பயனர் தம் கணினியிலிருந்து உண்மையாகவே ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புக்குள் ஒரு பைட்டும் இல்லாமல் இருக்கும் நிலை. அப்போதும் உடல் 0 பைட்டுதான்; ஆனால் கோப்பின் பெயர் நிரம்பியிருக்கும். அளவை மட்டும் சோதிக்கும் நிரல் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதிவிடும். முதலாவதை அமைதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் புலம் கட்டாயமற்றது. இரண்டாவதைப் பயனரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அவர் எதையோ அனுப்ப நினைத்திருக்கிறார், அது வந்து சேரவில்லை. வழங்கியில் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: கோப்புத் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் பிழை எண் 4 வரும், உள்ளடக்கம் இல்லாத கோப்பு வந்தால் பிழை எண் 0 (அதாவது பிழையில்லை), அளவும் 0. முழுமையாக ஏறாமல் பாதியில் நின்றுபோனதற்கு 3 என்ற தனி எண்ணும் உண்டு. பைத்தான் மொழியில் வலைத்தளங்களைக் கட்டப் பயன்படும் சட்டகமான ஜாங்கோவிலும் கோப்பு அனுப்பப்படவில்லை என்பதற்கு ஒன்றும், அனுப்பிய கோப்பு காலியாக உள்ளது என்பதற்கு மற்றொன்றுமாக இரண்டு தனிச்செய்திகள் இருக்கின்றன. இரண்டையும் “வெற்று” என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால், அச்சட்டகம் கவனமாகக் காத்துவைத்த வேறுபாட்டை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

சரி, கோப்பின்மை என்ற சொல் ஏன் போதாது? அது விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. புதிய படிவத்தில் பயனர் கோப்பிடாமல் விட்டால் பதிவோடு கோப்பு இல்லை என்று பொருள். ஆனால் திருத்தப் படிவத்தில் நிலைமை தலைகீழ். பயனரின் கணினியில் உள்ள கோப்புகளை வலைத்தளங்கள் தாமாக எடுத்துவிடக் கூடாது என்ற பாதுகாப்புக் காரணத்தால், கோப்புப் புலத்தின் மதிப்பை வழங்கி முன்கூட்டியே நிரப்ப உலாவிகள் அனுமதிப்பதில்லை. எனவே முன்பு ஒரு நிழற்படத்தை ஏற்றியவர் தம் முகவரியை மட்டும் மாற்றுவதற்காகத் திருத்தப் படிவத்தைத் திறந்தாலும், கோப்புப் புலம் ஒன்றுமில்லாமல்தான் தோன்றும். அவர் அதைத் தொடாமல் சேமித்தால், ஏற்கெனவே உள்ளதை அப்படியே வைத்திரு என்பதே அவருடைய எண்ணம். வழங்கிக்கு வரும் தரவோ புதிய படிவத்தில் வந்ததைப் போன்றதேதான். அதைக் கோப்பின்மை என்று படித்துக்கொண்டு தரவுத்தளத்தில் உள்ள கோப்பின் பெயரை இன்மையால் மாற்றி எழுதும் நிரல், பயனரின் நிழற்படத்தை அவருக்குத் தெரியாமலே அழித்துவிடும். கட்டாயமற்ற பதிவேற்றத்தில் எனக்குத் தெரிந்து மிகக் கொடிய வழு (நிரற்பிழை) இதுதான். தவறான பெயர் நிரலாளரை அந்த வழுவை நோக்கியே தள்ளுகிறது.

மேலும் கோப்பின்மை என்பதைப் பார்ப்பவர், கேட்ட கோப்பு வழங்கியில் இல்லை என்ற முற்றிலும் வேறான பிழையையும் நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஆகவே “கோப்பிடாமை” என்ற சொல்லை முன்மொழிகிறேன். உள்ளிடு, பதிவிடு, பின்னூட்டமிடு என்று கணினித் தமிழில் இடு என்ற வினை நன்கு பழகிவிட்டது. அதன் எதிர்மறைத் தொழிற்பெயர் இடாமை. பயனர் கோப்பை இடவில்லை என்ற செயலளவில் இச்சொல் நின்றுவிடுகிறது. அதனால் கோப்பு இல்லை என்று முடிவு செய்வதா, பழைய கோப்பைத் தொடர்வதா என்பதைச் சூழலுக்கு விட்டுவிடுகிறது. தரவின் வடிவத்தை வைத்துப் பெயரிடுவதும் இயலாது, ஏனெனில் அந்த வடிவம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுகிறது. பெயரில்லாத பகுதியை ஜாங்கோ கோப்புகளின் தொகுப்பில் சேர்ப்பதே இல்லை. மற்றொரு பைத்தான் சட்டகமான ஃபிளாஸ்க் அதைப் பெயர் நிரம்பாத ஒரு கோப்புப் பொருளாகக் கையில் கொடுக்கிறது, ஆதலால் புலம் வந்திருக்கிறதா என்று மட்டும் அங்கே சோதித்தால் போதாது, பெயரையும் பார்க்க வேண்டும். பிஎச்பி பிழை எண்ணோடு ஓர் அணியை (மதிப்புகளின் தொகுப்பை) தருகிறது. மூன்றுக்கும் பொதுவானது பயனரின் செயல் ஒன்றே.

பெயரடையாக வேண்டும் இடங்களில் “இடாக் கோப்பு” என்று எழுதலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் தமிழுக்குப் புதிதல்ல; வாடாமலரும் அழியாப்புகழும் நாள்தோறும் எழுதுபவைதாம். “தேராக் கோப்பு” என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. தேரா என்றால் ஆராய்ந்து அறியாத என்ற பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது. “ஏற்றாக் கோப்பு” என்பது, ஏற்ற முயன்று தோல்வியடைந்ததையும் குறிக்கக்கூடும். புலத்தோடு சேர்த்து “இடாப்புலம்” என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். இலங்கைத் தமிழில் இடாப்பு என்றால் பெயர்ப் பதிவேடு, வாக்காளர் இடாப்பு என்பது அங்கே அன்றாடச் சொல்.

உள்ளடக்கம் இல்லாத கோப்புக்கு “வெறுங்கோப்பு” என்பதைவிட “வெற்றுக்கோப்பு” பொருத்தமானது. வெறும் கோப்பு என்று பிரித்துப் படித்தால், வேறொன்றும் இல்லாத கோப்பு மட்டும் என்றாகிவிடும். வெற்றுத்தாள் என்பதில் வெற்று என்ற அடை எழுதப்படாத நிலையைச் சரியாகவே உணர்த்துகிறது.

மூன்றாவதாகவும் ஒரு நிலை உண்டு: ஏற்கெனவே உள்ள கோப்பு வேண்டாம் என்று பயனர் வெளிப்படையாகச் சொல்வது. கோப்பிடாமை பழையதைத் தொடர்வதாகக் கொள்ளப்படும் திருத்தப் படிவத்தில், நீக்குவதற்குத் தனியாக ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். ஜாங்கோ அதற்கென்று ஒரு தேர்வுப்பெட்டியைத் தருகிறது. அதைக் குறியிட்டுவிட்டுப் புதிய கோப்பையும் இட்டால், இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுமாறு கேட்கும் பிழைச்செய்தி வரும். இதற்குக் “கோப்பு நீக்கம்” என்ற வழக்கமான தொடரே போதும். புதிய சொல் வேண்டியதில்லை.

இவற்றுக்கு அப்பால், இழையில் யாரும் தொடாத ஓர் இடத்தையும் குறிப்பிட வேண்டும். படிவத்தில் வேறு ஏதேனும் ஒரு புலம் தவறாக இருந்து வழங்கி அதைத் திருப்பி அனுப்பும்போது, பயனர் தேர்ந்தெடுத்திருந்த கோப்பும் புலத்திலிருந்து போய்விடுகிறது. புலம் கட்டாயமானதாக இருந்தால் அடுத்த முறை பிழைச்செய்தி வந்து நினைவூட்டும். கட்டாயமற்றதாக இருந்தால் எந்தச் செய்தியும் வராது; அவர் தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமிப்பார், கோப்புப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்புவார். அவர் இட்டதும் இடாததும் அந்தக் கணத்தில் நிரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன. முதல் முறை வந்த கோப்பைத் தற்காலிகமாகச் சேமித்துவைப்பது ஒரு தீர்வு. அது இயலாத இடத்தில், புலத்துக்கு அருகிலேயே ஓர் அறிவிப்பைக் காட்டுவது நம் மொழிபெயர்ப்புகளின் பொறுப்பாகிறது.

பிஎச்பியின் அளவு வரம்பிலும் இதே சிக்கல் இருக்கிறது. படிவத்தின் மொத்த அளவு வரம்பை மீறினால் உரைப்புலங்களின் அணியும் கோப்புகளின் அணியும் இரண்டுமே ஒன்றுமில்லாமல் வருகின்றன. அந்நிலையைக் கோப்பிடாமை என்று அழைக்கக் கூடாது. “அளவு மீறல்” என்றே பதிய வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் நான் சேர்க்க விரும்பும் வரிகள் இவை:

“கோப்பு (கட்டாயமில்லை)”

“கோப்பு எதுவும் இடப்படவில்லை.”

“நீங்கள் இட்ட கோப்பில் உள்ளடக்கம் எதுவும் இல்லை. சரியான கோப்பைத் தேர்ந்தெடுங்கள்.”

“புதிய கோப்பை இடாவிட்டால் தற்போதைய கோப்பே தொடரும்.”

“முன்பு தேர்ந்தெடுத்த கோப்பு சேமிக்கப்படவில்லை. அதை மீண்டும் தேர்ந்தெடுங்கள்.”

கோப்பிடாமை, இடாக் கோப்பு, வெற்றுக்கோப்பு ஆகிய மூன்றும் ஆவணங்களிலும் நிரல் விளக்கங்களிலும் மட்டும் வர வேண்டும் என்பதும், பயனர் காணும் வரிகளில் மேலே உள்ளவாறு முழு வாக்கியங்களே இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. நான்காவது வரியில் “தற்போதைய” என்பதா “ஏற்கெனவே உள்ள” என்பதா என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது. திருத்தப் படிவங்களில் பணியாற்றுபவர்கள் இதுபற்றி எழுதினால் அதன்படி மாற்றிச் சேர்க்கிறேன்.

அன்புடன்.