தடுத்தல் வேறு, தடக்குதல் வேறு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தின் 'இம்பீட்' (impede) என்னும் வினைக்குத் தமிழில் 'தடு' என்பதே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பேச்சுக்கு அது போதும். ஆனால் நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தீப்பாதுகாப்புக் கையேட்டில், நிறுத்தி வைக்கும் வண்டிகள் தீயணைப்பு ஊர்தியின் போக்கை 'இம்பீட்' செய்யக் கூடாது என்று ஒரு விதி வருகிறது. இதைத் 'தடுக்கக் கூடாது' என்று எழுதிவிட்டால், சந்தில் பாதியை அடைத்து லாரியை நிறுத்தியவர், "ஊர்தி ஒதுங்கி ஒதுங்கி உள்ளே போய்விட்டதே, நான் எங்கே தடுத்தேன்?" என்று கேட்கலாம், அவர் கேட்பதில் தமிழின்படி பிழையும் இராது.

வட சென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கேட் மூடியிருக்கும்போது வண்டிகள் தடுக்கப்படுகின்றன. கேட் திறந்த பின், இருபுறமும் முண்டியடித்து நிற்கும் லாரிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் நடுவே பேருந்து ஊர்ந்து ஊர்ந்து போகிறதே, அந்த நிலைதான் 'இம்பீட்'. போக்கு நின்றுவிடவில்லை, ஆனால் இயல்பாகவும் இல்லை.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. இலத்தீனில் 'பெஸ்' என்றால் கால். காலில் எதையோ மாட்டிச் சிக்கவைப்பது 'இம்பெதிரே'. காலை அதிலிருந்து விடுவிப்பது 'எக்ஸ்பெதிரே', அதாவது இன்று நாம் விரைவுபடுத்து என்று பெயர்க்கும் 'எக்ஸ்பிடைட்' (expedite). ஆங்கிலேய மின்னியலாளர் ஆலிவர் ஹெவிசைடு 1886இல் மாறுமின்னோட்டச் சுற்றுகளுக்காக 'இம்பிடன்ஸ்' (impedance) என்ற பெயரை இட்டபோதும், மின்னோட்டம் அற்றுப்போவதை அவர் சொல்லவில்லை. மின்னழுத்தத்துக்கும் அதனால் ஓடும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தையே சொன்னார்.

கால் என்றதும் 'தளை' நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் பனையேறிக்குக் காலில் போடும் தளைதான் துணை. யாப்பிலோ சீர்களை இசைவித்துச் செலுத்துவதே தளை. 'கால்கட்டு' என்று எழுதினால் கல்யாணப் பேச்சு என்று நினைப்பார்கள். 'முட்டுக்கட்டை' நல்ல சொல். ஆனால் அதில் ஒருவர் வேண்டுமென்றே செய்கிறார் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மழைநீர் முட்டுக்கட்டை போட்டதாக நாம் சொல்ல மாட்டோம். நம் வட சென்னைப் பேச்சின் பேஜாரும் குடைச்சலும் மனத்தைப் பற்றியவை, போக்கைப் பற்றியவை அல்ல.

என் பரிந்துரை 'தடக்கு'. இது நான் புனைந்தது அன்று. நாம் 'தடுக்கி விழுந்தான்' என்னுமிடத்தில் யாழ்ப்பாணத்தார் 'தடக்கி விழுந்தான்' என்பர். இலத்தீனைப் போலவே இங்கும் காலில்தான் சிக்கல். அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, ஒதுங்கு–ஒதுக்கு என்று தன்வினையும் பிறவினையும் இணையாக நிற்பதைப் போலத் தடங்கு–தடக்கு என்றும் கொள்ளலாம். பெயர்ச்சொல்லுக்கோ நாம் எங்கும் அலைய வேண்டாம். 'தடங்கல்' எல்லார் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் எந்தக் கடையில் கேட்டாலும், தடங்கல் என்றால் வேலை முற்றாக நின்றுபோனதாக எவரும் கொள்ள மாட்டார்கள். இழுத்துக்கொண்டு போகிறது என்றே கொள்வார்கள்.

ஒரு குறை உண்டு. அச்சில் 'தடக்கு' என்பதைக் காணும் பிழைதிருத்துநர் அதைத் 'தடுக்கு' என்று மாற்றிவிடுவார்; அதுவோ குழந்தையைக் கிடத்தும் ஓலைப்பாய். ஆகவே கையேட்டின் சொல்விளக்கப் பட்டியலில், முழுதும் நிற்கச் செய்வது தடுத்தல், வழியை மூடுவது மறித்தல், இயங்கவே முடியாதபடி செய்வது முடக்குதல், போக்கு தொடர்ந்தாலும் அதன் வேகத்தையோ எளிமையையோ குறைப்பது தடக்குதல் என்று நான்கையும் அடுத்தடுத்து வைக்க எண்ணியுள்ளேன். விதியும் 'தீயணைப்பு ஊர்தியின் போக்கைத் தடக்கும் வகையில் வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்றாகும்.

மின்னியலில் 'இம்பிடன்ஸ்' என்பதற்கு வழங்கிவரும் சொற்களை இதற்காக மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 'தடக்கு' நெல்லை, குமரிப் பக்கத்திலும் வழக்கில் இருக்கிறதா என்று அப்பகுதி நண்பர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து